மலிவுப் பதிப்பும் மறைக்கப்பட்ட உழைப்பும்: சினாட்ராவின் ஆரம்பகால இசைத்தட்டுகள் குறித்து

ஒரு பாடகரின் ஆரம்பகால ஒலிப்பதிவுகள் பல தசாப்தங்களின் பின் மலிவு விலைத் தொகுப்புகளாகச் சந்தைக்கு வருவதைப் பழமை மீதான ஏக்கத்தின் விளைவாக மட்டும் விளக்குதல் போதாது. மறுபதிப்பும் ஓர் உற்பத்திச் செயற்பாடே. எவரது உழைப்பு எவரது பெயரில் விற்கப்படுகின்றது என்ற வினாவை நாம் அதனிடமும் எழுப்புதல் வேண்டும். ஐக்கிய அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவின் (1915–1998) ஆரம்பகாலப் பதிவுகளின் வரலாறு இவ்வகையில் நோக்கத்தக்கது.

1939இல் சினாட்ரா, ஹரி ஜேம்ஸ் நடத்திய நடன வாத்தியக் குழுவின் சம்பளப் பாடகராக இருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் பதிவான 'ஓல் ஓர் நத்திங் அட் ஓல்' என்ற பாடல் குழுத்தலைவரின் பெயரிலேயே வெளியாயிற்று. விற்பனை அற்பமாகவே இருந்தது. 1942 ஆகஸ்ட் முதலாந் திகதி, ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான அமெரிக்க இசைக்கலைஞர் சம்மேளனம் ஒலிப்பதிவு வேலைநிறுத்தத்தைத் தொடங்கிற்று. இசைத்தட்டும் வானொலியும் நாணயமிட்டுப் பாட்டுக் கேட்கும் பொறியும் வாத்தியக் கலைஞரின் தொழிலைப் பறித்தமையால், விற்பனையில் ஒரு பங்கு வேலையற்ற கலைஞருக்கான நிதியத்துக்குச் சேரவேண்டும் என்பதே அதன் கோரிக்கை. புதிய வாத்தியப் பதிவுகளுக்கு வழியற்றிருந்த கொலம்பியா கொம்பனி, 1943இல் அப்பழைய தட்டைச் சினாட்ராவின் பெயரை முதன்மைப்படுத்தி மீண்டும் வெளியிட்டது. அது பெருவெற்றி கண்டது. கொம்பனி இறங்கிவந்து உடன்படிக்கை செய்ததோ 1944 நவம்பரிலேயே.

இறந்த உழைப்பு உயிருள்ள உழைப்பை ஆளுதல் பற்றி மார்க்ஸ் விளக்கியது இங்கு கண்கூடாகின்றது. வாத்தியக் கலைஞர் 1939இல் வாசித்துக் கொடுத்த இசையே 1943இல் அவர்தம் வேலைநிறுத்தத்துக்கு எதிரான ஆயுதமாயிற்று. சினாட்ராவின் ஆரம்பகாலப் பதிவுகளின் மறுபதிப்பு வரலாறு இவ்வாறே தொடங்குகின்றது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அழகியல் நிலையில் நோக்கினும் இப்பதிவுகள் கூட்டுப் படைப்புகளே. ரூத் லோ இயற்றிய 'ஐல் நெவர் ஸ்மைல் அகெயின்', ரொமி டோர்சி குழுவின் பதிவாக, 1940 ஜூலையில் பில்போட் சஞ்சிகையின் முதலாவது தேசிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதிற் சினாட்ராவின் குரல் பைட் பைப்பர்ஸ் என்ற பாடகர் குழுவின் குரல்களோடு இழைந்தே செல்கின்றது. டோர்சி ட்ரொம்போனில் மூச்சை நீட்டிய முறையிலிருந்து தாம் பாடக் கற்றதாகச் சினாட்ராவே கூறியுள்ளார். மலிவுத் தொகுப்புகள் பலவற்றில் இக்கூட்டுறவு காணாமற் போகின்றது. பதிவுத் திகதி இராது. வாத்தியக் கலைஞர் பெயர்கள் இரா. 1950களிற் புகழடைந்த, தொப்பியணிந்த சினாட்ராவின் படமே அட்டையை நிறைக்கும். குழுவின் இசை நட்சத்திரத்தின் பின்னணியாகச் சுருங்கிவிடுகின்றது.

இத்தொகுப்புகளின் மலிவுக்குச் சட்டமும் ஒரு காரணமாகும். பிரித்தானியாவில் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பு ஐம்பதாண்டாக இருந்தமையால், 1990கள் தொடக்கம் இப்பழைய பதிவுகளை எந்த நிறுவனமும் வெளியிடக் கூடியதாயிற்று. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் அக்கால எல்லையை எழுபதாண்டாக நீட்டியபோது, நீட்டிய காலத்து வருமானத்தில் 20 சதவீதம் ஒரே கொடுப்பனவுடன் உரிமையைக் கையளித்த கலைஞருக்கு ஒதுக்கப்படல் வேண்டும் என விதித்தது. 1942ஆம் ஆண்டுக் கோரிக்கையின் மெல்லிய எதிரொலி இதிற் கேட்கின்றது எனலாம். ஆயினும் பாதுகாப்பு ஏலவே காலாவதியான பதிவுகளுக்கு இவ்விதி பொருந்தாது. ஜேம்ஸ், டோர்சி குழுக்களில் வாசித்தோருக்கு இதனாற் பயனேதுமில்லை.

மலிவைப் பழிப்பது எமது நோக்கமன்று. வசதி படைத்த சேகரிப்பாளரின் அலுமாரியிலிருந்து இசை சாதாரண மக்களின் கைக்கு வருவது வரவேற்கத்தக்கதே. மலிவுக்கும் அறிவுக்கும் பகையில்லை என்பதற்கு, நான்கு இறுவட்டுகள் கொண்ட பெட்டிகளைப் பதிவு விபரக் கையேட்டுடன் குறைந்த விலையில் வெளியிட்ட புரொப்பர் என்ற பிரித்தானிய நிறுவனம் சான்றாகும். வாசித்தோர் பெயர்களை அச்சிட ஒரு தாள் போதும். அத்தாள் விடுபடுவதற்குச் செலவைக் காட்டிலும், நட்சத்திரமே விற்பனைப் பண்டம் என்னும் கருத்துநிலையே காரணம் என நாம் கருதுகின்றோம். ஆகவே இத்தகைய தொகுப்புகளை மதிப்பிடும் விமர்சகர்கள் பாடகரின் குரல்வளத்தை விதந்துரைப்பதுடன் அமையாது, அவர் பாடத் தொடங்குமுன் வாசித்தோர் எவர், அவர்கள் பெற்ற கூலி யாது என்பவற்றையும் வினவுதல் கடமையாகும்.