திண்ணையை முதலில் கட்டியது யார்?

2003. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒருநாள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைத் திறந்தால், நான் கேட்காமலேயே இரண்டு டூல்பார்கள் வந்து உட்கார்ந்திருந்தன. ஹோம் பேஜ் ஏதோ சூதாட்டக் கடைக்கு மாறியிருந்தது. ஒரு ஜன்னலை மூடினால் நாலு ஜன்னல் திறந்தது. சர்வீஸ் பையன் வந்தான், பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான்.

‘‘ஃபார்மேட் பண்ணிட வேண்டியதுதான் சார். ஃபைலெல்லாம் போயிடும், பரவாயில்லையா?’’

பரவாயில்லையாவது! மூன்று மாதம் சேர்த்த குறிப்புகள் அதில்தான் இருந்தன. ‘‘ஏம்ப்பா, எங்கேயோ ஒரு பக்கத்தைப் பார்த்ததுக்கு என் ஃபைல் ஏன் போகணும்?’’ என்றேன். ‘‘அது அப்படித்தான் சார்’’ என்றான்.

கிட்டத்தட்ட அதே சமயத்தில், அதே கேள்வியை அமெரிக்காவில் இரண்டு இன்ஜினீயர்கள் கேட்டார்கள். ‘அது அப்படித்தான்’ என்று விட்டுவிடாமல், பதிலை எழுதி 2004-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 2009 ஜனவரியில் காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு கூகுள் மேல் வழக்கு. 2017-ல் டெக்ஸாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்கிற சின்ன ஊரில் ஜூரிகள், ‘கூகுள் 2 கோடி டாலர் கொடுக்க வேண்டும்’ என்றார்கள். 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், ‘ஒரு காசும் தர வேண்டாம், காப்புரிமையே செல்லாது’ என்றது. ‘சியோஃபி எதிர் கூகுள்’ என்று தேடினால் கிடைக்கும்.

நான் காமர்ஸ் படித்தவன். சட்டமும் தெரியாது, கம்ப்யூட்டர் சயன்ஸும் தெரியாது. ஆனால், ஒரு புத்தகத்தைப் படித்து நல்லது கெட்டது சொல்கிற மாதிரி ஒரு காப்புரிமையையும் படித்துச் சொல்லலாமே என்று தோன்றியது. சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்ன?

பழைய வீடுகளில் திண்ணை உண்டு. வழிப்போக்கர் வருவார். உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, ஊர்க்கதை பேசுவோம். ஆனால் அவர் கூடத்தைத் தாண்டி பீரோ இருக்கும் அறைக்குள் போக முடியாது. 2003-ன் பிரவுசருக்குத் திண்ணையே கிடையாது. இணையத்திலிருந்து வருகிற எவனும் நேராக உள்ளே வந்து பீரோவைத் திறக்கலாம். இந்தக் காப்புரிமை சொல்வது, ‘கம்ப்யூட்டரை இரண்டாகப் பிரி’ என்பதுதான். ஒரு பிராசஸருக்கும் அதன் நினைவகத்துக்கும் உங்கள் சொந்தச் சரக்கு. இன்னொன்றுக்கு இணையம். இரண்டும் ஒரே திரையில் தெரியும். ஆனால், இணையப் பக்கம் வந்து இறங்கிய விஷமப் புரோகிராம் சொந்தப் பக்கத்தைத் தானாகத் தொட முடியாது.

படித்ததும் எனக்குப் பிடித்தது. பிரச்னையைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். விமர்சகனின் அடுத்த கேள்வி: இது புதுசா?

காப்புரிமைச் சட்டத்தின் உயிர்நாடியே இதுதான். ‘பிரையர் ஆர்ட்’ என்பார்கள் வக்கீல்கள். நம் பாஷையில் ‘இது முன்னாடியே இருக்கே!’ முன்பே இருந்ததற்கு யாரும் பட்டா போட முடியாது.

பழைய தாள்களைத் தூசி தட்டினால் ஒரு வம்சாவளியே கிடைக்கிறது. 1972-ல் ஐ.பி.எம். வெளியிட்ட வி.எம்/370, ஒரே கம்ப்யூட்டரைப் பல கம்ப்யூட்டர்கள் போல நடிக்க வைத்தது. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. 1973-ல் பட்லர் லாம்ப்சன், நம்பிக்கையில்லாத ஒரு புரோகிராமை எப்படிக் கட்டிப்போடுவது என்பதையே ஒரு கேள்வியாக்கிக் கட்டுரை எழுதினார். 1975-ல் சால்ட்சர், ஷ்ரோடர் இருவரும், எந்தப் புரோகிராமுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அதிகாரத்துக்கு மேல் ஒரு துளியும் கொடுக்காதே என்றார்கள். 1979 யூனிக்ஸில் ‘சிரூட்’ வந்தது. ஒரு புரோகிராமுக்கு ஒரே ஒரு ஃபோல்டரைக் காட்டி, ‘உலகமே இவ்வளவுதான்’ என்று நம்பவைக்கிற வேலை. 1993-ல் ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற சொல்லோடு ஓர் ஆய்வுக் கட்டுரை. 1995-ல் ஜாவா, இணையத்திலிருந்து இறங்கும் ‘ஆப்லெட்’டுகளை அப்படி ஒரு மணல் தொட்டிக்குள்தான் விளையாட விட்டது.

இவற்றில் நம் கதைக்கு ரொம்பக் கிட்டே வருவது 1996-ல் வந்த ‘ஜேனஸ்’. பெர்க்லி பல்கலைக்கழகத்து வேலை. எழுதிய நால்வரில் இயன் கோல்ட்பர்க், டேவிட் வாக்னர் இருவரும் அதற்கு முந்தைய வருடம், மாணவர்களாக இருந்தபோதே நெட்ஸ்கேப் பிரவுசரின் ரகசியப் பூட்டில் ஓட்டை கண்டுபிடித்து உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள். பிரவுசர் ஒரு ஃபைலை இறக்குகிறது, அதைத் திறந்து காட்ட இன்னொரு புரோகிராமைக் கூப்பிடுகிறது. அந்த இன்னொன்று ஏமாந்தால்? அது கம்ப்யூட்டரிடம் வைக்கிற ஒவ்வொரு கோரிக்கையையும் வழிமறித்து, ‘இதற்கு உண்டு, இதற்குக் கிடையாது’ என்று சொல்லும் காவல்காரன்தான் ஜேனஸ்.

அப்படியென்றால் காப்புரிமை மோசடியா? அவசரப்படாதீர்கள்.

ஜேனஸ் பிரவுசரின் உதவியாட்களைத்தான் கட்டிப்போட்டது, பிரவுசரையே இரண்டாகப் பிளக்கவில்லை. ஜாவா தன் ஆப்லெட்டுகளை மட்டும் பார்த்துக்கொண்டது. ‘புதுசு இல்லை’ என்று தள்ள, காப்புரிமை உரிமை கோரும் வாக்கியத்தில் உள்ள எல்லா அம்சமும் ஒரே பழைய தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், பழைய துண்டுகளைச் சேர்ப்பது அந்தத் தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று நிரூபிக்க வேண்டும்.

மஞ்சள் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் பொடி புண்ணை ஆற்றும் என்று 1995-ல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை, நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் போராடி 1997-ல் ரத்து செய்ய வைத்தது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் நம் பாட்டியின் சாட்சி செல்லாது. வெளிநாட்டு வழக்கம் என்றால் அச்சில் வந்திருக்க வேண்டும். பழைய நூல்களையும் 1953-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் காட்டினார்கள். அங்கே ஒரு வசதி, மஞ்சள் ஒன்று, புண் ஒன்று, பொருத்தம் நேரடி. பிரவுசர் விவகாரத்தில் செங்கல் ஒரு தாளில், சுண்ணாம்பு ஒரு தாளில், தூண் இன்னொரு தாளில்.

சேர்ப்பது அவ்வளவு அபூர்வமா? என் சந்தேகம் இங்கேதான். 2004-லேயே இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை ஒரு கூண்டுக்குள் ஓட்டும் ‘சாண்ட்பாக்ஸி’ வந்துவிட்டது. அதே தொழிலில் இருந்த ‘கிரீன்பார்டர்’ கம்பெனியைக் கூகுள் 2007-ல் விலைக்கு வாங்கியது. ஒருவரையொருவர் பார்த்து எழுதாதவர்கள் ஒரே பதிலுக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், பதில் அந்தக் காலத்துக் காற்றிலேயே இருந்தது என்றுதான் நான் கணக்கு எழுதுவேன்.

கதையில் ஒரு திருப்பம் உண்டு. 2008 செப்டம்பரில் குரோம் வந்தது. ஒவ்வொரு டேபும் தனிக் கூண்டில் என்று படக்கதை போட்டே விளக்கினார்கள். அதற்குப் பிறகு, கிடைத்த காப்புரிமையை இன்ஜினீயர்கள் திருத்தி மறுவெளியீடு கேட்டு, 2012-ல் வாங்கினார்கள். திருத்திய வாக்கியங்களில் ‘இரண்டு பிரவுசர் பிராசஸ்கள்’ வந்து உட்கார்ந்தன. மறுவெளியீடு சட்டப்படி சரிதான். ஆனால், படத்தைப் பார்த்த பிறகு கதையைத் திருத்தி எழுதிய மாதிரி ஒரு நெருடல். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த இடத்தில்தான் கை வைத்தது. ‘திருத்தத்தில் கேட்பதை மூலப் பத்திரம் தன் கண்டுபிடிப்பாகத் தெளிவாகச் சொல்லவில்லை’ என்றது. முடிந்தது வழக்கு.

நியாயம்தானே என்பீர்கள். எனக்குத் திருப்தியில்லை. ‘இது முன்பே இருந்ததா?’ என்ற பெரிய கேள்வி என்ன ஆயிற்று? ஜூரிகள் காப்புரிமை பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் இருந்த தராசு நேரானதல்ல. கொடுத்த காப்புரிமை சரியானது என்பதுதான் ஆரம்ப நிலை; தப்பு என்றால் மிகத் தெளிவான சாட்சி வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2011-ல் மைக்ரோசாஃப்ட் வழக்கொன்றில் உறுதிசெய்திருந்தது. கடைசியில் வழக்கு சாய்ந்ததோ மூலப் பத்திரத்துக்கும் திருத்தத்துக்கும் இடையிலான பொருத்தத்தில். முப்பது வருடத் தாள்கள் அந்தத் தீர்ப்புக்குத் தேவைப்படவே இல்லை.

இதில் கூகுளுக்காக நான் அழவில்லை. 2 கோடி டாலர் அவர்களுக்குச் சில்லறை. ‘சின்ன ஆளின் யோசனையைப் பெரிய ஆள் எடுத்துக்கொண்டால் கேட்க நாதி வேண்டாமா?’ என்ற கேள்வியும் நியாயமானதே. காப்புரிமை இருப்பதே அதற்குத்தான். என் கவலை வேறு. திண்ணை என்ற யோசனைக்கே பட்டா போட்டால், நாளைக்கு நாலு பேர் சேர்ந்து இலவசமாக ஒரு பிரவுசர் எழுதினால் அவர்களும் கப்பம் கட்ட வேண்டும். இன்று நீங்களும் நானும் பேங்க் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டே பக்கத்து டேபில் கண்டதையும் பார்க்கிறோம். அந்தத் தைரியத்துக்கு ஒரு முதலாளி கிடையாது.

ஆக, என் மதிப்புரை இதுதான். மூலப் பத்திரம் நல்ல எழுத்து, சொல்ல வந்ததைச் சொல்கிறது. திருத்திய பதிப்பு தன் வேலியை ரொம்ப தூரம் தள்ளிப் போட்டது. நன்றிப் பக்கத்தில் இருக்க வேண்டிய பெயர்கள் இரண்டிலும் பெரியவை: லாம்ப்சன், சால்ட்சர், ஷ்ரோடர், பெர்க்லி பிள்ளைகள்.

போன வாரம் ஏதோ பக்கத்தைத் திறந்தேன். அந்த டேப் மட்டும் செத்து விழுந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஃபைல்களும் இருந்தன. ‘அது அப்படித்தான் சார்’ என்ற அந்தப் பையன் இப்போது எங்கிருக்கிறானோ, பார்த்தால் காட்ட வேண்டும்.