லேடீஸ் கம்பார்ட்மென்ட் எங்கே நிற்கும்?

சென்னையில் மின்சார ரயிலில் தினமும் போய்வரும் பெண்களிடம் ஓர் அறிவு இருக்கிறது. யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. நடைமேடையில் எந்தத் தூணுக்கு நேராக, எந்த டீக்கடைக்கு நாலடி தள்ளி லேடீஸ் கம்பார்ட்மென்ட் வந்து நிற்கும் என்பதுதான் அது. ஒன்பது பெட்டி வண்டியும் பன்னிரண்டு பெட்டி வண்டியும் மாறி மாறி ஓடிய ஆண்டுகளில் இந்த அறிவுக்கு இரண்டு பதிப்புகள் இருந்தன. அறிவிப்பைச் சரியாகக் காதில் வாங்காவிட்டால் ஓட வேண்டும். சேலையில், தோளில் கைப்பையும் கையில் சாப்பாட்டுக் கூடையுமாக. வண்டி நிற்பது அரை நிமிடம்.

கல்லூரியில் சேர்ந்த வருடம் முதல் சீசன் டிக்கெட் எடுத்தேன். கடற்கரை – தாம்பரம் தடத்தில் அப்போது மீட்டர்கேஜ் வண்டி. இப்போது ஐம்பதை நெருங்குகிறேன். இடையில் வேலை மாறியது, வீடு மாறியது, ரயில் மாறவில்லை. அதனால் புதுப்பிக்கப்பட்ட ரயில் நிலையங்களின் படங்கள் செய்தித்தாளில் வரும்போதெல்லாம், ஒரு புது நாவல் வந்திருப்பதைப்போல எடுத்து வைத்துக்கொண்டு பார்க்கிறேன். ஒரு கட்டடத்தையும் வாசிக்கலாம். அதை எழுதியவர் யாரை மனதில் வைத்து எழுதினார், யாருக்கு வசனம் கொடுத்தார், யாரை ஓரமாக நிற்கவைத்தார் என்று கேட்கலாம்.

அம்ருத் பாரத் நிலையங்கள் திட்டத்தின் ஆவணத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. புதுப்பிக்கப்படும் நிலையங்களில் என்னென்ன இருக்கும் என்ற பட்டியலில் காத்திருப்புக் கூடம், கழிப்பறை, லிஃப்ட், இலவச வைஃபை ஆகியவற்றோடு, உயர்தர ஓய்வறைகளும் 'வணிகக் கூட்டங்களுக்கான இட'மும் சேர்க்கப்பட்டிருக்கின்றன. ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வணிகக் கூட்டம் நடத்துகிற அந்த மனிதரை நான் கற்பனை செய்து பார்த்தேன். அவர் கையில் குழந்தை இல்லை. மாலையில் வீட்டுக்குப் போய் மாவு அரைக்க வேண்டிய அவசரமும் இல்லை. இந்தப் பிரதியின் கதாநாயகர் அவர். அவருக்காகத்தான் முகப்பு வளைவும் கார் நிறுத்துமிடமும் புல்வெளியும். நிலையத்தின் அழகெல்லாம் சாலையிலிருந்து பார்ப்பவருக்காகவே செய்யப்பட்டிருக்கிறது. நடைமேடையின் கடைக்கோடியில், கூரை முடிந்துபோகும் இடத்தில், வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பவளின் கண்ணுக்கு அது படுவதே இல்லை.

பெண்களை இந்த ரயில்வே அறவே மறந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார வண்டி ஓடத் தொடங்கியபோது அதை நடத்தியது தென்னிந்திய ரயில்வே என்ற கம்பெனி. இந்த நகரத்தின் தென்பகுதி அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. மாம்பலத்திலும் சைதாப்பேட்டையிலும் வீடு எடுத்துக்கொண்டு பூங்காவிலோ கோட்டையிலோ இறங்கி வேலைக்குப் போன முதல் தலைமுறைப் பெண்களை உருவாக்கியதில் இந்த ரயிலுக்குப் பங்கு உண்டு. ஆசிரியைகள், தாதிகள், தட்டச்சர்கள், டெலிபோன் ஆபரேட்டர்கள். ஆனால் வண்டி அவர்களைத் தனி விருந்தாளிகளாகவே நடத்தியது. ஒரு பெட்டியின் ஒரு பகுதியைத் தடுத்து, 'பெண்கள்' என்று எழுதிவைத்தது. 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் அந்தத் தடுப்பைச் சட்டமாகவும் எழுதிவைத்தது. பயணிகள் வண்டி ஒவ்வொன்றிலும் பெண்களுக்கென இடம் ஒதுக்க வேண்டும். தெரிந்தே அதில் ஏறும் ஆணுக்கு ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். மீதிப் பெட்டிகளுக்கு மேல் 'ஆண்கள்' என்று யாரும் எழுதவில்லை. எழுதவேண்டிய தேவை இருக்கவில்லை.

பழைய வண்டிகளைப் பற்றி இனிமையாக எழுதுவது சுலபம். நானும் எழுதியிருக்கிறேன். கீரை ஆய்ந்துகொண்டே வருகிற அக்காக்கள், பூக்கட்டுகிற பாட்டி, தோழியின் வளைகாப்புக்கு வண்டியிலேயே பகிர்ந்த கேசரி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வண்டியின் உடலைப் பாருங்கள். கைப்பிடிகள் என் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகின்றன. எட்டினால் ரவிக்கை மேலேறும். நடைமேடைக்கும் வண்டியின் தளத்துக்கும் இடையில் ஒரு படி உயரம். கர்ப்பிணி ஒருத்தி ஏற வேண்டுமென்றால் மேலிருந்து ஒருவர் கை கொடுக்க வேண்டும், கீழிருந்து ஒருவர் தாங்க வேண்டும். கதவு மூடுவதில்லை. மழை பெய்தால் வாசலோர இருக்கைகள் நனையும். இதையெல்லாம் சக பெண்களின் கைகள் ஈடுகட்டின. அந்தக் கைகளைக் கொண்டாடுகிற அவசரத்தில் வடிவமைப்பின் குற்றத்தை மன்னித்துவிடுகிறோம் என்று எனக்கு இப்போது படுகிறது. ஏக்கம் நமக்கு எதிராகவே வேலை செய்யும் இடம் இது.

கழிப்பறையைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். மின்சார வண்டியில் கழிப்பறை கிடையாது. அந்தத் தூரத்துக்கு மதியத்துக்குமேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்ளும் பெண்கள் எத்தனை பேர் என்று எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. என் பெட்டியில் வருகிறவர்களிடம் கேட்டேன். கேள்வியே அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. "இதுல கேக்க என்னக்கா இருக்கு, எல்லாரும் அப்படித்தானே" என்றாள் ஒருத்தி.

பறக்கும் ரயிலுக்கு வருவோம். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, 2007இல் வேளச்சேரி வரை என்று தவணை தவணையாக வந்தது அது. அதன் நிலையங்கள் பிரம்மாண்டமானவை. கடைகளும் அலுவலகங்களும் வரும், வாடகை வரும் என்று தளம் தளமாகக் கட்டினார்கள். பெரும்பாலான தளங்களுக்கு யாரும் வரவில்லை. தூண்களுக்கு இடையில் வெளிச்சம் புகாத வெற்றுக் கூடங்கள் மிஞ்சின. அந்தப் படிக்கட்டுகளில் இரவு எட்டரைக்கு இறங்கியிருக்கிறீர்களா? சாவியை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு, போனில் யாருடனோ பேசுவதுபோல நடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறேன். பழைய நிலையம் என்பதால் வந்த பயம் அல்ல அது. கட்டி முடித்த அன்றே அந்தக் கூடங்கள் அப்படித்தான் இருந்தன. புதிது என்ற சொல்லின் மேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லாமல் போனதற்கு அந்தப் படிக்கட்டுகளும் ஒரு காரணம்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நடைமேடையில், காலையில் வேலைக்குப் போக வண்டிக்குக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். நகரத்தின் நடுவில் இருக்கும் அந்த நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை என்பது பிறகு தெரிந்தது. பக்கத்துத் தெருக்களின் கேமராப் பதிவுகளைக் கொண்டு காவல்துறை தேடியது. அதன் பிறகு கேமரா என்பதே பெண்களின் பாதுகாப்புக்கான மறுபெயர் ஆகிவிட்டது. நாடு முழுவதும் நிலையங்களில் கேமரா பொருத்த நிர்பயா நிதியிலிருந்தும் பணம் போனது. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. நடந்த பிறகு யார் என்று சொல்ல அது உதவும். நடக்கும்போது "ஏய்" என்று குரல் கொடுக்க அதனால் முடியாது.

அந்தக் குரல் கொடுக்கக்கூடியவர்களைத்தான் நிலையங்கள் ஒவ்வொருவராக இழந்துகொண்டிருக்கின்றன. டிக்கெட் கவுண்டருக்குள் இருப்பவர் நமக்கு நண்பர் இல்லை. சில்லறை இல்லையென்றால் எரிந்து விழுவார். ஆனால் இரவில் ஒரு சாளரத்தில் விளக்கு எரிவதும் உள்ளே ஒரு ஆள் இருப்பதும் அந்த நிலையத்தின் தன்மையையே மாற்றும். இப்போது இயந்திரம் டிக்கெட் தருகிறது, கைபேசிச் செயலி தருகிறது. வரிசை குறைந்ததில் எனக்கும் மகிழ்ச்சிதான். கூடவே அந்த விளக்கும் அணைந்துபோனதை எந்த அறிக்கை கணக்கில் எடுக்கும்?

பரங்கிமலை நிலையத்தில் 2022 அக்டோபரில், பட்டப்பகலில், கல்லூரி மாணவி ஒருவர் ஓடிவந்த ரயிலின் முன்னால் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவர், விடாமல் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்து வந்தவர். அதே பரங்கிமலை, 2025 மே மாதம் புதுப்பிக்கப்பட்ட நிலையங்களாகத் திறந்துவைக்கப்பட்ட 103இல் ஒன்று. தமிழ்நாட்டில் மொத்தம் ஒன்பது. சென்னையில் அது ஒன்றுதான். நாள் கழித்து நான் அங்கே இறங்கிச் சுற்றிப் பார்த்தேன். நடைமேடையில் வண்டி வரும் திசையைப் பார்த்தபடி நின்றபோது கால் தானாக இரண்டடி பின்னால் போனது. என்னருகே நின்ற மூன்று மாணவிகளும் சுவரை ஒட்டியே நின்றார்கள். அவர்களுக்கு அந்தச் சம்பவம் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். மெட்ரோவின் சுரங்க நிலையங்களில் நடைமேடைக்கும் தண்டவாளத்துக்கும் இடையே கண்ணாடிக் கதவு இருக்கிறது. விதவிதமான வண்டிகள், விதவிதமான கதவு இடைவெளிகள் உள்ள பழைய தடத்தில் அது எளிதல்ல என்று பொறியாளர்கள் சொல்வார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு நிலையத்தைத் திருத்தி எழுத உட்கார்ந்தவர்கள், அங்கே நடந்ததை முதல் வரியாக வைத்துத் தொடங்கியிருந்தால் எந்தப் பக்கம் அதிகச் செலவு செய்திருப்பார்கள் என்ற கேள்வி எனக்குப் போகவில்லை. சாலைப் பக்கமா, தண்டவாளப் பக்கமா?

ஒரு சின்ன விலகல். இந்த நகரத்தின் மின்சார ரயிலுக்குத் தமிழ் சினிமா காதலின் மெருகைக் கொடுத்திருக்கிறது. 2000இல் வந்த 'அலைபாயுதே' அதில் உச்சம். எனக்கும் பிடித்த படம். ஆனால் அதைப் பார்த்துவிட்டு ரயிலேறி, பெண்கள் பெட்டிக்கு அடுத்த பெட்டியின் வாசலில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடிய பையன்களை நாங்கள் பார்த்தோம். அவர்களில் யாரும் மாதவன் மாதிரி இல்லை என்பது குறை அல்ல. நாங்கள் ஷாலினியாக இருக்க ஒப்புக்கொண்டோமா என்று அவர்களில் ஒருவனும் கேட்கவில்லை.

2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு தடத்துக்குக் குளிர்சாதன மின்சார ரயில் வந்தது. பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் செய்த வண்டி. கதவு தானாக மூடுகிறது. எத்தனை வருடமாகக் கேட்ட கதவு! பதினைந்து வருடம் முன்னால் படிக்கட்டில் தொங்கிச் சென்று விழுந்த ஒரு சிறுமியை நான் கண்ணால் பார்த்தவள் என்பதால், அந்தக் கதவு மூடும் சத்தம் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் சாதாரண வண்டியில் குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாய்; இந்த வண்டி அறிமுகமானபோது முப்பத்தைந்து ரூபாய். ஏழு மடங்கு. கதவு என்பது பாதுகாப்பு. அதைக் குளிர்காற்றோடு சேர்த்துக் கட்டி ஒரே பொட்டலமாக விற்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகும் பெண் அந்தப் பொட்டலத்தை வாங்க மாட்டாள். அவளுக்குத் திறந்த கதவுதான்.

இங்கே மாநில அரசின் பேருந்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதன் பிறகு என் பெட்டியில் சில முகங்கள் காணாமல் போயின. ரயிலில் முக்கால் மணி நேரத்தில் போகும் தூரத்தைப் பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போகிறார்கள். சீசன் டிக்கெட் விலை மிகக் குறைவுதான். அதுவும் மிச்சமானால் கேஸ் சிலிண்டருக்கு ஆகும். பெண்களின் நேரத்தை விடப் பெண்களின் பணம் விலையுயர்ந்தது என்று இந்தக் கணக்கில் தெரிகிறது. ரயில் ஒன்றிய அரசின் கையில், பேருந்து மாநில அரசின் கையில். அந்த எல்லைக்கோட்டின் விலையை அவள் தினமும் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறாள்.

ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல், பொதுவெளியில் பெண் எப்போதும் ஒரு காரியமாகவே வந்தவளாகத் தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருப்பதைப் பேசுகிறது. வேலையற்றுச் சும்மா நிற்கும் உரிமையே அவர்கள் கேட்பது. எங்கள் பழைய நிலையங்களில், அவ்வளவு அழுக்கிலும், அந்தச் 'சும்மா'வுக்கு இடம் இருந்தது. வேப்ப மரத்தைச் சுற்றிக் கட்டிய சிமெண்ட் திண்டு. வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு உட்கார்ந்து பேசும் அரைமணி நேரம் பல பெண்களுக்கு அலுவலகத்துக்கும் அடுப்புக்கும் நடுவே கிடைத்த ஒரே சொந்த நேரம். திருத்தப்பட்ட நிலையம் ஒன்றில் அந்தத் திண்டு போய், கைப்பிடியால் மூன்றாகப் பிரித்த எஃகு இருக்கைகள் வந்திருப்பதைப் பார்த்தேன். மூன்று பேர் உட்காரலாம். நாலாவது ஆள் ஒண்டிக்கொள்ள முடியாது, குழந்தையைப் படுக்கவைக்க முடியாது.

அந்த நிலையத்தில் வெகுகாலமாகப் பூ விற்றுவந்த அம்மா இப்போது வெளியே, ஆட்டோ நிறுத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். உள்ளூர்ப் பொருளுக்கென்று நிலையத்துக்குள் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. "உள்ளே அழகா இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"அழகா இருக்கும்மா. லைட்டெல்லாம் போட்டிருக்கான். பேரப்புள்ளையக் கூட்டிட்டுப் போயி காட்டிட்டு வந்தேன்" என்றார். அப்புறம் முழம் அளந்துகொண்டே, "லேடீஸ் இப்ப எங்கம்மா நிக்குது? அந்த டீக்கடைய எடுத்துட்டானே, எதை வச்சு நிப்பீங்க?" என்று கேட்டார்.

நான்கு நாளாக எனக்கே அது பிடிபடவில்லை. மூன்றாவது குப்பைத்தொட்டி என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். நாளைக்குப் பார்க்க வேண்டும்.