கலிங்கத்துப்பரணியில் படைத்தலைவன்: வெற்றி யாருக்கு உரியது?

முன்னுரை

போர்க்களத்தில் வென்றவன் ஒருவன். அவ்வெற்றிக்காகப் பாடப்பெறுபவன் மற்றொருவன். செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியைக் கற்போர் எதிர்கொள்ளும் முதற்சிக்கல் இதுவே. போரில் ஆயிரம் யானைகளை வென்ற வீரனுக்கே பரணி உரியது எனப் பிற்காலத்து இலக்கண விளக்கப் பாட்டியல் வரையறுக்கும். ஆயின், இந்நூலின் பாட்டுடைத் தலைவனாகிய முதற் குலோத்துங்கன் இக்கலிங்கப் போரில் களம் புகவில்லை, காஞ்சியிலேயே இருந்தான். வடக்கே சென்று வென்றவன் அவன் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான். இம்முரணை வெறும் அரசப் புகழ்ச்சி என ஒதுக்கிவிடுதல் எளிது. நூலோ இதனை மறைக்காமல், படைத்தலைமையின் இயல்பையும் எல்லையையும் காட்டும் இடமாகக் கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆணையும் செலவும்

'காளிக்குக் கூளி கூறியது' என்னும் பகுதியில், வடகலிங்க வேந்தன் திறை கொணராமை அரசவையில் தெரியவருகிறது. அவனுடைய யானைகளைக் கவர்ந்து வருமாறு அரசன் பணிக்கிறான். கருணாகரன் தானே முன்வந்து, கலிங்கத்தை அழிப்பதாகக் கூறி விடை பெறுகிறான். வாணகோவரையன், முடிகொண்ட சோழன் ஆகியோரும் உடன் செல்கின்றனர். போரின் நோக்கத்தை வகுப்பவன் அரசன். அதனைச் செயலாக்குபவன் படைத்தலைவன் என்னும் பகுப்பு இங்கே தெளிவாகிறது.

படை கடந்த வழியைப் புலவர் ஆறுகளின் பெயரால் குறிக்கிறார். பாலாற்றை அடுத்து வரும் குசைத்தலை, இன்று தொழிற்சாலைகள் நிறைந்த புதுவாயலுக்குத் தெற்கே ஓடும் கொசத்தலை ஆறே. தொண்டை மண்டலத்து ஆறுகளில் தொடங்கும் இவ்வடசெலவில் அரசன் இல்லை; அவனது ஆணை மட்டுமே உடன் செல்கிறது.

களமும் பணிவும்

கலிங்க அவையில் அமைச்சன் எங்கராயன் சோழப் படையின் வலிமையை எடுத்துரைக்க, அனந்தவன்மனோ, அபயனது படைக்குமா தான் எளியவன் எனச் சினக்கிறான். அரசன் வாராமையை இழுக்காகக் கொள்ளாது, அவன் அனுப்பிய படையே போதும் எனக் காட்டிப் புலவர் அரசனை உயர்த்துகிறார். போர் முதிரும் வேளையில் கருணாகரன் தன் யானையைச் செலுத்துகிறான். அவனது வீரம் உச்சம் பெறும் அவ்விடத்திலும் புலவர் அவனை மன்னர் மன்னனின் மந்திரி என்றே சுட்டுகிறார். இறுதியில் அவன் வெற்றித்தூண் நாட்டி, யானைகளையும் செல்வத்தையும் கொணர்ந்து, அபயனின் அடிகளைத் தலையிற் சூடுகிறான்.

இதனோடு 'களம் பாடியது' பகுதியில் பேய்கள் பாடும் உலக்கைப் பாட்டை ஒப்பிடுதல் வேண்டும். அங்கே, கலிங்கப் பரணியை அரசனுக்குச் சூட்டியவன் எனத் தொண்டையர் வேந்தன் பாடப்பெறுகிறான். சூடியவனே சூட்டியவனும் ஆகிறான். பரணியைப் பெறுபவன் அரசன், அதனை ஈட்டித் தந்தவன் படைத்தலைவன் என்பதைப் புலவர் பேய்களின் வாயிலாக வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறார்.

கல்வெட்டுச் சான்று

காஞ்சிபுரம் அத்தியூராழ்வார் கோயிலில், குலோத்துங்கனின் 43ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று கருணாகரனைத் திருநறையூர் நாட்டு வண்டாழஞ்சேரியைச் சேர்ந்த வேளானாகக் குறித்து, தொண்டைமானார் என்னும் பெயரையும் வழங்குகிறது. நூல் பல்லவர் தோன்றல் எனப் பாடும் இவன், கல்வெட்டில் சோழ நாட்டு ஊரொன்றின் உடையான். காவியப் பெருமையையும் ஆட்சிப் பதிவையும் ஒருசேர வைத்தே இவன் நிலையை மதிப்பிடல் தகும்.

முடிவுரை

இந்திய அரசமைப்பின் 53ஆம் உறுப்பு முப்படைகளின் உச்ச தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதன் செயற்பாட்டைச் சட்டத்திற்கு உட்படுத்துகிறது. 2020 சனவரி முதல் நாளில் நடைமுறைக்கு வந்த முப்படைத் தலைமைத் தளபதி பதவியும் அறிவுரை கூறும் பொறுப்பையே முதன்மையாகக் கொண்டது. முடியாட்சியும் குடியாட்சியும் வேறுபட்டவை. எனினும் படை நடத்துபவன் ஆணைக்கு உட்பட்டவன் என்னும் நெறி இரண்டிற்கும் பொது.

இந்நெறிக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. களத்துப் பிணங்களைக் கூழாக அட்டு உண்ட பேய்கள் வாழ்த்துவது அரசனையே. வெற்றி ஆணையிட்டவனுக்கு உரியது எனின், அழிவும் அவனுக்கே உரியது. தானே முன்வந்து அழிக்கப் புறப்பட்டவனும் அப்பொறுப்பிலிருந்து நீங்க இயலாது. புலவர் இதனை எங்கும் கூறவில்லை. ஆயினும் அவர் அமைத்த களக்காட்சி இவ்வினாவைக் கற்போர்முன் வைத்தே முடிகிறது.