நிறையா, திணிவா?

கருந்துளை, புழுத்துளை, சார்பியல் பற்றித் தமிழகத்திலிருந்து வரும் நூல்களைப் பசறையில் படிப்பிக்கும் நானும் விரும்பி வாசிக்கிறேன். விமர்சிப்போர் ‘எளிய நடை’ என்று பாராட்டுகின்றனர். நடை எளிதுதான், கலைச்சொற்களில்தான் சிக்கல்.

இலங்கைப் பாடநூல்களில் திணிவு என்பது பொருளிலுள்ள சடத்தின் அளவு. நிறை என்பது அதைப் புவி இழுக்கும் விசை. தமிழகத்தில் திணிவையே ‘நிறை’ என்பர். நமது நிறை அங்கே ‘எடை’. நமது ஆர்முடுகல் அங்கே ‘முடுக்கம்’. நமது கதி அங்கே ‘வேகம்’.

தடையின்றி விழுபவன் தன் நிறையை உணரமாட்டான் என்று 1907இல் ஐன்ஸ்டீனுக்குத் தோன்றிய எண்ணமே பொதுச் சார்பியலுக்கு வழி திறந்தது. இதைத் தமிழக நூலொன்று ‘எடை தெரியாது, நிறை மாறாது’ என எழுதினால் அங்கே அது சரி. நமது சாதாரண தர மாணவனுக்கோ தலைகீழ்.

சந்திரசேகர் 1930இல் கப்பற் பயணத்தில் கணித்ததும் திணிவைத்தான். சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்கை மீறிய வெண்குள்ள விண்மீன் நிலைக்காது என்றார். 1935இல் எடிங்டன் அதனை எள்ளினார். 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு தமிழரின் இக்கணக்கைத் தமிழ்ப் பிள்ளை தமிழிலேயே பிழையாக விளங்கிக்கொள்ள நேர்கிறது.

கொழும்புப் பிள்ளை ஆங்கில நூலைப் புரட்டித் தெளிவு பெறலாம். தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தத் தமிழ் நூல் ஒன்றுதான் ஆசான். நூலின் இறுதியில் இருநாட்டுச் சொற்களையும் அருகருகே காட்டும் ஒரு பக்கப் பட்டியல் போதும். பதிப்பாளர் கேட்டால் இங்குள்ள ஆசிரியர்களே அதைத் தொகுத்துக் கொடுப்போம்.