கையால் ஒன்பது பார்

எஸ்பிரெஸ்ஸோ மெஷின் விற்கிற கடையில் முதலில் கண்ணில் படுவது, அட்டைப்பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் '15 பார்' என்ற எண். பக்கத்துப் பெட்டியில் அது 20 பார் ஆகியிருக்கும். எண் ஏற ஏற காபியும் ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்கள் நிறையப் பேர். நல்ல எஸ்பிரெஸ்ஸோவுக்குத் தேவை ஏறத்தாழ 9 பார் அழுத்தம்தான். பெட்டியில் போட்டிருப்பது, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் முட்டி நிற்கும்போது பம்பு எட்டக்கூடிய உச்சம். கோப்பைக்கு அதனால் பைசா லாபம் கிடையாது.

கையைக் கடிக்காமல் வீட்டில் எஸ்பிரெஸ்ஸோ போட நினைப்பவர் முதலில் அந்த எண்ணை மறந்துவிடுவது நல்லது. அழுத்தத்தை உண்டாக்குவது இந்தக் கலையில் சுலபமான வேலை. அந்த அழுத்தத்தைத் தாங்கி நிற்கிற மாதிரி தூள் அரைப்பதுதான் கஷ்டமான வேலை. பட்ஜெட்டையும் அந்த விகிதத்திலேயே பிரிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்குச் சரித்திரத்திலேயே சாட்சி இருக்கிறது. 1884-ல் டூரின் நகரத்து ஏஞ்சலோ மோரியோண்டோவும் 1901-ல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேராவும் காப்புரிமை வாங்கிய மெஷின்கள் நீராவியை நம்பியவை. அவற்றில் கிடைத்த அழுத்தம் ஒன்றரை பாரைச் சுற்றித்தான். காபி சட்டென்று வந்தது, கூடவே கருகல் வாடையும் வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1948-ல் அக்கீலே காஜியா விற்பனைக்குக் கொண்டுவந்த மெஷினில் ஸ்பிரிங் பூட்டிய நெம்புகோல் இருந்தது. காபி போடுகிறவர் கைப்பிடியைக் கீழே இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குவார். அது விரியும்போது வெந்நீரைத் தூளின் வழியே தள்ளும். க்ரெமா என்ற பொன்னிற நுரை கோப்பைக்கு வந்தது அதற்கப்புறம்தான். மின்சாரப் பம்பைப் பிரபலமாக்கிய ஃபேமா ஈ61 வந்தது 1961-ல். அதற்கு முந்தைய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் இத்தாலிய காபிக் கடைகளில் ஓடியது தோள்பலம்தான். குறைந்த செலவில் இதில் இறங்குகிறவருக்கு இதைவிடத் தெம்பூட்டும் தகவல் வேறு இல்லை.

மலிவான மின்மெஷின்கள் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ள, அவற்றோடு வரும், காபித்தூள் போடும் பாஸ்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். உள்தட்டில் நூற்றுக்கணக்கான பொடித்துளைகள். வெளித்தட்டில் ஒரே ஒரு ஊசித்துளை. எப்படி அரைத்த தூளைப் போட்டாலும் அந்த ஒற்றைத் துளை தடுப்புக் கொடுக்கும், நுரையும் வரும். குமிழ் குமிழாக, மீசையில் ஒட்டுவதற்கு முன்பே கலைகிற நுரை. கடையில் அரைத்த தூள் வாங்குகிறவரை மனத்தில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. அவருக்கு அது உதவியும்கூட. ஆனால் எஸ்பிரெஸ்ஸோவின் ருசி தெரிய வேண்டுமானால் ஒற்றைத்தட்டு பாஸ்கெட் வேண்டும். அதில் தண்ணீரைத் தடுக்க காபித்தூளைத் தவிர வேறு எதுவும் இல்லை. எந்த மெஷினைப் பார்த்தாலும் இதற்கு ஒற்றைத்தட்டு பாஸ்கெட் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.

அந்த பாஸ்கெட்டில் காபி கிரைண்டரின் குட்டு வெளிப்பட்டுவிடும். வழக்கமான கணக்கு இது: 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடி. தூள் ஒரு இம்மி பெருத்தால் 15 விநாடியிலேயே கொட்டித் தீர்ந்துவிடும்; வாயில் வைத்தால் புளிப்பு. ஒரு இம்மி நைந்தால் சொட்டுச் சொட்டாக இறங்கி நாக்கு வறளும்படி கசக்கும். நல்ல கைக் கிரைண்டரில் ஒரு க்ளிக் திருப்பினால் பற்களின் இடைவெளி 0.02 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே மாறும், தலைமுடிப் பருமனில் மூன்றில் ஒரு பங்குகூட இராது. அந்த ஒரு க்ளிக்கில் 22 விநாடி 26 ஆவதைத் தராசுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பது இந்தப் பித்தின் முதல் சுகம்.

மிக்ஸியில் அரைத்தால் ஆகாதா என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. மிக்ஸி வெட்டுகிறது. ஒரே ஜாரில் மாவும் குருணையும் சேர்ந்து கிடக்கும். மாவு கசக்கும், குருணை புளிக்கும், ஒரே வாயில் இரண்டும் தெரியும். பர் என்கிற இரண்டு எஃகுப் பல்சக்கரங்கள் ஒவ்வொரு கொட்டையையும் ஒரே இடைவெளி வழியாக நசுக்கி அனுப்புகின்றன. அந்தக் காலத்து வீடுகளில் மேஜை விளிம்பில் முறுக்கிப் பொருத்தியிருந்த காபி மெஷினிலும் இதே வேலைதான் நடந்தது. ஃபில்டருக்குத் தூள் முன்னே பின்னே இருந்தாலும் டிக்காஷன் இறங்கிவிடும். 9 பாரில் வருகிற வெந்நீர் அப்படிப் பொறுத்துக்கொள்ளாது. தூளில் இளகின இடம் எங்கே என்று தேடிப்பிடித்து அதன் வழியாகவே பீறிட்டுவிடும்.

ஆகவே பட்ஜெட்டில் பாதிக்குக் குறையாமல் கிரைண்டருக்கு. மின்கிரைண்டர் வேண்டாம், கையால் சுற்றுவது போதும். அதே விலைக்கு மின்கிரைண்டர் வாங்கினால் கொடுத்த பணத்தில் பெரும்பங்கு மோட்டாருக்கும் கூட்டுக்கும் போய்விடும். கைக் கிரைண்டரில் பர்ருக்கே போகும். வாங்குமுன் மூன்று விஷயம் பாருங்கள். நடுத்தண்டை விரலால் அசைத்தால் ஆடக்கூடாது. க்ளிக்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். பர் எஃகாக இருக்க வேண்டும். 48 மில்லிமீட்டர் பர் என்றால் 18 கிராமை ஒரு நிமிஷத்துக்குள் அரைத்துவிடலாம். 38 என்றால் இரண்டு நிமிஷம் பிடிக்கும், காலையில் தோளுக்கும் வேலை.

மீதிப் பணத்துக்கு என் சிபாரிசு, பம்பும் பாய்லரும் இல்லாத கைநெம்புகோல் கருவி. ஃப்ளேர், ரோபாட் என்ற பெயர்களில் இவை பிரபலம். ஆரம்ப விலை மாடல்களும் உண்டு. ஒரு உருளை, அதற்குள் பிஸ்டன், அடியில் தூள், மேலே கெட்டிலிலிருந்து ஊற்றிய வெந்நீர். நாம் நெம்புகோலை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனில் 9 பார் வர ஏறக்குறைய 115 கிலோ பாரம் வேண்டும். நெம்புகோல் விசையை ஆறு மடங்காக்கினால் கை கொடுக்க வேண்டியது 19 கிலோ. நின்றபடி மேலுடம்பைச் சற்றே சாய்த்தால் வந்துவிடும்.

இந்தக் கருவியில் நான் ரசிப்பது அது கையோடு பேசும் விதத்தை. முதலில் மெல்ல அமுக்கி, 2 பாரில் பத்து விநாடி போல நிறுத்தித் தூளை நனைய விடவேண்டும். பாஸ்கெட்டின் அடியில் கருஞ்சொட்டுகள் அரும்பும்போது சாய்ந்து கொடுத்தால் எதிர்ப்பு உள்ளங்கையில் ஏறும். சொட்டுகள் ஒன்றுகூடி நடுவில் ஒரே தாரையாகும், கரும்பழுப்பு செம்பழுப்பாகும். பாதி தாண்டியதும் தூள் கரைந்து தளர்வது கைக்குத் தெரியும். அப்போது பிடியைக் கொஞ்சம் விட்டு, 6 பாருக்கு இறங்கி முடித்தால் கடைசிக் கசப்பு கோப்பைக்கு வராது. அரைப்பு பெருத்திருந்தால் நெம்புகோல் எதிர்ப்பே காட்டாமல் சரிந்துவிடும், நைந்திருந்தால் அசையாது. பம்பு மெஷினில் நாக்கு கடைசியில் கண்டுபிடிப்பதை இதில் கை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. விலையுயர்ந்த மெஷின்களில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் தனி வசதி வைத்து, அதற்குத் தனிக் காசும் கேட்கிறார்கள்.

குறைகளும் உண்டு. உலோக உருளை சூட்டைக் குடிக்கும்; முதலில் வெந்நீர் ஊற்றிச் சுடவைக்காவிட்டால் தண்ணீரின் சூடு தேவையான 90 டிகிரிக்குமேல் நிற்காது. ஒரு தடவைக்கு ஒரு காபி. விருந்தாளி நால்வர் வந்தால் நாலு தடவை கழுவித் துடைக்க வேண்டும். நீராவி இல்லாததால் பாலை அடுப்பில் 60, 65 டிகிரிக்குச் சுடவைத்து, ஃப்ரெஞ்ச் பிரெஸ்ஸில் ஊற்றி மேலும் கீழும் குத்தி நுரைக்க வேண்டும். கப்புச்சினோவுக்கு அது தாராளமாகப் போதும்.

வீடு முழுக்கப் பால் காபிதான் என்றால், 1991-ல் அறிமுகமான, நீராவி வசதியுள்ள காஜியா கிளாசிக் மின்மெஷின் பழையது கிடைக்கிறதா என்று தேடலாம். கடை மெஷின்களின் 58 மில்லிமீட்டர் பாஸ்கெட் அளவு, ஸ்க்ரூ டிரைவரால் கழற்றிப் பூட்டக்கூடிய உடம்பு, எங்கும் கிடைக்கும் உதிரிபாகம். பாய்லர் சின்னது, சூடு ஏறி இறங்கும். அதன் தாளத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். பழையதை வாங்குகிறவர் ரப்பர் வளையத்தையும் உள்ளே உப்புப் படிந்திருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும். போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய மெஷின் என்றால் விலை பேசாமலே திரும்பிவிடலாம்.

சில்லறைச் சாமான்களில் அவசியம் மூன்று: 0.1 கிராம் காட்டும் தராசு, பாஸ்கெட்டின் விளிம்போடு ஒட்டி இறங்கித் தூளை அமுக்கும் டேம்பர், ஒரு கார்க்கில் நாலைந்து மெல்லிய ஊசி செருகிய கிளறி. தூளைக் கட்டி தட்டாமல் கிளறிவிடும் அந்த ஊசிகளுக்குச் செலவு அநேகமாகப் பூஜ்யம். பலனில் பாதி மெஷினுக்குச் சமம். தேக்குப் பிடிகளும் ரப்பர் பாய்களும் சம்பளம் உயர்ந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கருவிகளுக்கு ஒரு தடவைதான் செலவு. கொட்டைக்கு மாதாமாதம். 250 கிராம் பொட்டலத்தில் 18 கிராம் வீதம் 13 காபிதான் வரும். இந்த இடத்தில் நமக்கு அதிர்ஷ்டம். இந்தியக் காபியைப் பெரிய அளவில் வாங்கும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. கெட்டியான க்ரெமாவுக்காக அவர்கள் தேடுகிற ரோபஸ்டா குடகிலும் சிக்மகளூரிலும் விளைகிறது. அராபிக்காவோடு கொஞ்சம் ரோபஸ்டா கலந்து, நடுத்தரத்துக்குச் சற்று மேலே வறுத்த கொட்டை மலிவான கருவிகளுக்குத் தோதானது. அரைப்பு சற்றுத் தவறினாலும் குடிக்கும்படி இருக்கும். இளவறுவல் அப்படியல்ல, அதற்குச் சூடும் நைஸான அரைப்பும் கூடுதலாக வேண்டும், மலிவான கருவி திணறிவிடும். வறுத்த தேதி போட்ட பொட்டலமாக வாங்கி, ஒரு வாரம் ஆறவிட்டுத் திறக்கலாம்.

இவ்வளவுக்கும் பணம் ஒரே மூச்சில் சேராவிட்டால் கிரைண்டரை மட்டும் இப்போது வாங்குங்கள். கூடவே ஒரு மோகா பாத்திரம். 1933-ல் இத்தாலியில் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்த அந்த எண்கோண அலுமினியப் பாத்திரம் இன்றும் சல்லிசு. அதில் அழுத்தம் ஒன்று, இரண்டு பாருக்குமேல் வராது, எஸ்பிரெஸ்ஸோ என்று அதைச் சொல்ல முடியாது; ஆனால் புதிதாக அரைத்த தூள் என்ன செய்யும் என்பதை நாக்குக்குச் சொல்லிக்கொடுக்கும். நெம்புகோல் அடுத்த வருஷம் வரட்டும். கிரைண்டர் இல்லாமல் மெஷின் வாங்கியவர்தான் அடுத்த வருஷமும் மெஷின் தேடிக்கொண்டிருப்பார்.