உடலற்றோர்க்கு ஒரு கல்: நடுகல் மரபும் திருகோணமலைப் போர் நினைவும்

நடுகல் வீரனின் உடலை மூடும் கல்லா, அவன் செயலை அறிவிக்கும் கல்லா என்னும் வினா புறத்திணை ஆய்வுக்குப் புதிதன்று. வீழ்ந்தோரை மூடிய பதுக்கைகளைச் சார்ந்து கற்கள் நடப்பட்டமைக்குச் சங்கச் செய்யுட்கள் சான்றாகும். எனினும், தொல்காப்பியர் கூறும் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்னும் ஆறு நிலைகளும் கல்லைப் பற்றியனவேயன்றி உடலைப் பற்றியன அல்ல. ஆகவே, உடல் கிடையாதவனுக்கும் இம்மரபில் இடமுண்டு என்பது பெறப்படும்.

இம்மரபை உரைகல்லாகக் கொண்டு திருகோணமலையின் போர் நினைவுகளை மதிப்பிடுதல் பயனுடையது. உப்புவெளி, சாம்பல்தீவுப் புறத்தே நிலாவெளி வீதியை அடுத்துப் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் அமைந்துள்ளன. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் வேறுபாடின்றி ஒரே அளவான கற்கள் நாட்டப்பட்டமை அவ்வமைப்பின் சிறப்பாகும். ஆயின், கற்கள் பெயரும் பதவியும் இறந்த நாளும் கூறுகின்றன; செயலைக் கூறுவதில்லை. மேலும், உடல் கிடைத்தோர்க்கே அங்கு இடமுண்டு.

1942 ஏப்ரல் 4ஆம் நாள், கொக்கல தளத்திலிருந்து கற்றலினா விமானத்திற் சென்ற கனடிய விமானி லெனாட் பேர்ச்சல், ஜப்பானியக் கடற்படையைக் கண்டு கொழும்புக்கு அறிவித்தார். அவரது விமானம் வீழ்த்தப்பட்டது. அவர் சிறைப்பட்டு, போர் முடிந்தபின் மீண்டு, 2004 வரை வாழ்ந்தார். ‘இலங்கையின் மீட்பர்’ என்ற பெயரும் பெற்றார். ஏப்ரல் 9ஆம் நாள், திருகோணமலை தாக்கப்பட்ட அன்று, அதே 413ஆம் அணியைச் சேர்ந்த றே தோமஸ் தம் கற்றலினாவில் சென்று அதே கடற்படையைக் கண்டார். அவர் அனுப்பிய செய்தி முழுமை பெறுமுன் அறுந்தது. விமானத்திலிருந்த எவரும் மீளவில்லை, உடல்களும் கிடைக்கவில்லை.

இருவர் செய்ததும் ஒரே செயல். பகைவர் நிலையை ஒற்றி அறிதலைத் தொல்காப்பியர் ‘வேய்’ என வெட்சித் துறைகளுள் வைத்தார். நடுகல்லின் ஆறு நிலைகளையும் அத்திணையின் பகுதியாகவே கூறினார். வெல்வது மட்டுமன்றிக் கண்டு சொல்வதும் நினைக்கத்தக்க செயலென்பது இவ்வமைப்பால் விளங்கும். ஆயினும், மக்கள் நினைவு மீண்டு வந்து கதை சொன்னவரையே பற்றிக்கொண்டது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கியில் வேண்டுமென்றே மோதியதாகச் சொல்லப்படும் ஜப்பானிய விமானத்தின் கதையும் ஊரில் வாழ்கிறது. அதற்குச் சிதைவு சான்றாக நிற்கிறது. தோமசுக்கோ வாயுமில்லை, சிதைவுமில்லை. கடல் மட்டுமே உண்டு.

தென், கிழக்கு ஆசியப் பரப்பில் புதைகுழி அறியப்படாத பொதுநலவாய விமானப்படையினரின் பெயர்களைச் சிங்கப்பூரிலுள்ள கிராஞ்சி நினைவகம் தாங்குகிறது. அங்குள்ள பெயர்கள் 24,000க்கும் மேற்பட்டவை. அச்சுவரிலும் பெயருண்டு, செயலில்லை. செயல் ஓரிடத்தும் பெயர் பிறிதோரிடத்துமாகப் பிரிந்து கிடப்பதே இந்நினைவுகளின் குறை.

பேரரசின் துறைமுகத்தைக் காக்கப் பறந்தவரைத் தமிழ் மாணவர் ஏன் நினைக்கவேண்டும் என்னும் தடை எழலாம். அது நியாயமான தடையே. நடுகல் ஊரார் நட்ட கல், கிராஞ்சிச் சுவர் பேரரசின் மரபில் எழுந்த சுவர். ஆயினும், இவ்வினா ஒருவரோடு முடிவதன்று. கடலுக்குச் சென்று மீளாத மீனவர், 2004 ஆழிப்பேரலையில் உடல் கிடையாதோர், உள்நாட்டுப் போரில் காணாமலாக்கப்பட்டோர் எனக் கிழக்குக் கரை சுமக்கும் துயர் பலவாகும். உடல் இல்லையென்பதால் இவர்களுக்கான கடன் தீர்ந்துவிடுவதில்லை. தொடங்காமலே நின்றுவிடவும் கூடாது. பெயரையும் நேர்ந்ததையும் ஒருங்கே பொறிக்கும் எழுத்தே அவர்களுக்குரிய கல்லாகும். அத்தகைய எழுத்து பெருகாதவரை, நடுகல் மரபைப் பாடநூற் பெருமையாகப் பேசுவதிற் பொருளில்லை.