தாமதமாக வந்தவர்கள்

‘இது சினிமாவில் கேட்ட மாதிரி இருக்கிறதே’ என்றார் நண்பர். கவிதை எழுதுகிறவர். காது உள்ளவர். நான் போட்டுக் காட்டியது செர்கேய் போர்ட்கியேவிச்சின் ஒரு பிரெலூட், ஓப்பஸ் 33ல் ஒன்று. சொன்ன விதத்தில் ஏளனம் இருந்தது. பார்டோக்கையும் வெபர்னையும் எனக்கு அறிமுகப்படுத்தியவரே அவர்தான் என்பதால் ஏளனம் உறைக்கவும் செய்தது. அன்று எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இப்போது எழுதுவதை அந்தப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். பாதிப் பதில்தான். ஏனென்றால் அவர் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொண்டுதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

உண்மை என்பதற்கு ஒரு வம்சாவளியே உண்டு. உக்ரைனின் தெற்கில் கெர்ஸோன் பக்கத்தில் 1863ல் பிறந்தவர் ஃபெலிக்ஸ் புளூமென்ஃபெல்ட். பீட்டர்ஸ்பர்க்கில் ஆசிரியர், கண்டக்டர். 1908ல் பாரிஸில் ஷாலியாபின் பாடிய ‘போரிஸ் கொதுனோவ்’ ஓப்பராவை நடத்தியவர். சாவகாசமாகப் பியானோவுக்கு எழுதியும் வந்தவர். இடது கைக்கு மட்டுமாக அவர் எழுதிய எட்யூடைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஒற்றைக் கை என்று யாரும் நம்பமாட்டார்கள். அவரிடம் படித்தவர்களில் ஹொரொவிட்ஸ் உலகுக்கே தெரிந்தவர். அந்த எட்யூடை 1930களில் இசைத்தட்டில் வாசித்த ஒடெஸாக்காரர் சைமன் பாரெர் இன்னொருவர். மூன்றாமவர் டிமிட்ரி டியோம்கின். உக்ரைனில் க்ரெமென்சுக்கில் பிறந்து, ஹாலிவுட் போய்ச் சேர்ந்து, 1952ல் ‘ஹை நூன்’ படத்துக்கு இசையமைத்து ஆஸ்கார் வாங்கியவர். ஆக, பீட்டர்ஸ்பர்க் வகுப்பறையில் கற்பிக்கப்பட்ட பாஷைதான் சினிமாக் கொட்டகையில் உலகத்துக்கெல்லாம் கேட்டது. வியன்னாவிலிருந்து போன கோர்ன்கோல்டும் மாக்ஸ் ஸ்டைனரும் இதன் ஒன்றுவிட்ட சகோதர பாஷையை அங்கே கொண்டுபோனார்கள். பூர்வீக வீட்டை இழந்த பாஷை பிழைப்புக்குப் போன இடம் அது. நாமெல்லாம் அதை அங்கேதான் முதலில் கேட்டோம். நண்பரின் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது, வரிசைதான் தலைகீழ்.

‘ஹை நூன்’ வந்த அதே 1952ல், அக்டோபரில், வியன்னாவில் போர்ட்கியேவிச் இறந்தார். 1877ல் ஹார்கிவில், போலிஷ் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பீட்டர்ஸ்பர்க்கில் லியாதொவிடமும், பிறகு லைப்ஸிக்கில் லிஸ்ட்டின் சீடர் ரைஸெனவரிடமும் படித்துவிட்டு பெர்லினில் குடியேறினார். 1914ல் யுத்தம் வந்ததும் ரஷ்யப் பிரஜை என்று வெளியேற்றப்பட்டார். ஊர் திரும்பினால் அங்கே புரட்சி, உள்நாட்டு யுத்தம். 1920 நவம்பரில் யால்டாவிலிருந்து கப்பலேறி கான்ஸ்டான்டிநோபிள். 1922ல் ஆஸ்திரியா. அப்போது வியன்னாவுக்குப் பக்கத்திலேயே மோட்லிங்கில் ஷேன்பெர்க் தன் பன்னிரண்டு ஸ்வர முறையில் முதல் பியானோத் தொகுதியை எழுதிக்கொண்டிருந்தார். இவரோ தன் பெட்டியில் எஞ்சியிருந்த சாய்கோவ்ஸ்கியையும் ஷோப்பினையும் எடுத்து மேஜைமேல் வைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தன்னை ரொமாண்டிக் என்றும் மெலடிக்காரன் என்றும் கடைசிவரை சொல்லிக்கொண்டார், வெட்கமே இல்லாமல்.

நம் வட்டத்தில் இந்தக் கதை முடிவது இந்த இடத்தில்தான். ஷேன்பெர்க் ஒரு பக்கம், போர்ட்கியேவிச் இன்னொரு பக்கம். யார் கலைஞன் என்று கேட்கவே தேவையில்லை என்கிற நிச்சயம் நமக்கு. அந்த நிச்சயத்தில் எனக்கும் பங்குண்டு. அதில் பத்துப் பதினைந்து வருஷம் சௌகரியமாக இருந்துமிருக்கிறேன். ஆனால் நாம் அங்கே கேட்டுப் பார்ப்பது சங்கீதத்தையா, காலண்டரையா? 1885ல் எழுதப்பட்டிருந்தால் மன்னித்து ரசித்திருப்போம், 1926ல் எழுதப்பட்டதால் ஒதுக்குகிறோம் என்றால், ஒதுக்குவது நம் காது இல்லை. பழைய வெண்பாவில் இன்று ஒருவன் எழுதினால் அது சவம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. ஆனால் சவம் என்பது வெண்பாவினால் அல்ல, எழுதியவன் அதற்குள் இல்லாததால். அவன் உள்ளே இருக்கிறானா என்பதை ஒவ்வொரு முறையும் போய்ப் பார்த்தாக வேண்டும். வருஷத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சோம்பல்.

போய்ப் பார்த்தால் போர்ட்கியேவிச் எப்போதும் உள்ளே இருப்பதில்லை. இதைச் சொல்லாமல் அவரைச் சிபாரிசு செய்வது பம்மாத்து. 1924ல் வந்த ஓப்பஸ் 29 எட்யூடுகளில் கவிஞன், ஹாம்லெட், டான் கிஹோட்டே, ஃபால்ஸ்டாஃப் என்று ஆள் ஆளாக வருகிறார்கள். பலரும் உடை மாற்றிக்கொண்ட ஒரே ஆசாமி. உச்சம் எங்கே வரும் என்று பக்கத்து வீட்டுப் பையனுக்குக்கூடத் தெரியும், அங்கேயே வரும். ஒரு நல்ல சொற்றொடர் கிடைத்துவிட்டால் அதை ஒரு படி மேலே தூக்கித் திரும்பச் சொல்வார், பிறகு இன்னொரு படி. இளமையில் எழுதிய ‘கிரிமியச் சித்திரங்கள்’ அழகான படத்தபால்கள். முதல் கன்சர்ட்டோவில் ராக்மானினாஃபின் நிழல் விலகுவதேயில்லை. கடன் வாங்கியதை அவர் மறைக்கவும் இல்லை, அதனால் திருட்டு என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கடன் கடன்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும் இரண்டாவது ஸொனாட்டா இருக்கிறது. ஓப்பஸ் 60, 1942ல் யுத்தகால வியன்னாவில் எழுதப்பட்டது. எழுதியவருக்கு வயது அறுபத்தைந்து. அதன் மெதுவான பகுதிக்கு ‘மிஸெரிகோர்டியோஸோ’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார், இரக்கத்தோடு வாசிக்க வேண்டும் என்று. யார்மேல் இரக்கம் என்று சொல்லவில்லை. இங்கே அதே பழைய திருப்பங்கள், அதே மேலே தூக்கும் சொற்றொடர்கள். ஆனால் தூக்கிய பிறகு அவை எங்கும் போய்ச் சேருவதில்லை. போய்ச் சேர இடமில்லை என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓப்பஸ் 29ல் சௌகரியமாக இருந்த பாஷை இங்கே அதே இலக்கணத்தோடு வேறு விஷயம் பேசுகிறது. அடுத்த வருஷம் டிசம்பரில் லைப்ஸிக் குண்டுவீச்சில் அவருடைய பதிப்பாளரிடம் இருந்த அச்சுப் பிரதிகளில் பெரும் பகுதி எரிந்து போயிற்று. அதோடு அந்த வருமானமும். 1945 டிசம்பரில் குளிருக்குப் பயந்து குளியலறைக்குள் ஒண்டிக்கொண்டு ஒரு கடிதம் எழுதுகிறார். மற்ற அறைகளில் இருக்க முடியாததால் பியானோவைத் தொடவே முடியவில்லை என்று அதில் வருகிறது. ஹ்யூகோ வான் டாலன் என்ற டச்சுப் பியானோக் கலைஞர் நண்பராக இருந்து பிரதிகளையும் கடிதங்களையும் காப்பாற்றி வைத்ததால்தான் இன்று நம்மால் இவ்வளவாவது பேச முடிகிறது.

பிரதி எரிந்ததைவிட மோசமானது வாசிக்கும் மரபு அறுந்தது. தமிழில் பியானோவையும் வாசிக்கிறோம், புத்தகத்தையும் வாசிக்கிறோம். எனக்கு இந்த விஷயத்தில் அந்த ஒரே சொல் மிகவும் உதவியாக இருக்கிறது. ஷோப்பினை வாசிக்கிறவனுக்கு முன்னால் நூற்றைம்பது வருஷ வாசிப்புகள் நிற்கின்றன. தப்பாக வாசித்தால் அவை திருத்தும். போர்ட்கியேவிச்சை எடுக்கிறவனுக்கு முன்னால் பெரும்பாலும் வெறும் காகிதம். அவன் என்ன செய்கிறான்? தனக்குத் தெரிந்த ரொமாண்டிக் பாவனையை, அதாவது சினிமாவிலிருந்து திரும்பி வந்த பாவனையை, காகிதத்தின்மேல் ஊற்றுகிறான். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் பெருமூச்சு. மேல் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம் வந்தால் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது. நண்பருக்கு நான் அன்று போட்டுக் காட்டியது இப்படிப்பட்ட ஒரு வாசிப்பு. பெயர் வேண்டாம், கெட்டிக்கார விரல்கள்தான். பிசகு என்னுடையது.

1990களில் ஸ்டீஃபன் கூம்ப்ஸ் என்ற ஆங்கிலேயர் வாசித்த பதிவுகளைப் பிறகு கேட்டேன். அவர் எதையும் கெஞ்சிக் கேட்பதில்லை. இடது கையை வெறும் அலையாகக் கரைத்துவிடாமல் அதன் உள்ளே ஒளிந்திருக்கும் இரண்டாவது குரலைத் தனியாக நடக்கவிடுகிறார். முடிவுகளில் வேகம் குறைப்பது அபூர்வம். கேட்டதும் லியாதொவின் வகுப்பு ஞாபகம் வந்தது. போர்ட்கியேவிச் குரலமைப்புக் கற்றவர், ஒழுங்கு உள்ளவர். உருகல் அவருக்கு மேலே பூசப்பட்டது. இரண்டாவது ஸொனாட்டாவை நடேஷ்தா வ்லாயெவா வாசிப்பதிலும் இந்த நேர்மை இருக்கிறது.

இப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது போர்ட்கியேவிச் இல்லை, நிகொலாய் மெட்னர். 1880ல் மாஸ்கோவில் பிறந்தவர். 1921ல் வெளியேறி பெர்லின், பாரிஸ், கடைசியில் லண்டன். பதினான்கு ஸொனாட்டாக்கள், மூன்று கன்சர்ட்டோக்கள், ‘ஸ்காஸ்கா’ என்று அவர் பெயரிட்ட கதை சொல்லும் சின்ன உருப்படிகள் ஏராளம். ராக்மானினாஃப் தன் நான்காவது கன்சர்ட்டோவை இவருக்குத்தான் சமர்ப்பித்தார். 1935ல் நவீன சங்கீதம் முழுவதையும் கண்டித்து இவர் எழுதிய ‘கலைதேவியும் நாகரிகமும்’ என்ற புத்தகத்தை வெளியிட்டதும் ராக்மானினாஃபின் பதிப்பகமே. அந்தப் புத்தகம் நம் கையில் கிடைத்தால் கிழித்துப் போடுவோம். கிழிப்பதற்கு நியாயமும் இருக்கிறது, இலக்கணப் பண்டிதர் குரல் அதில் அடிக்கடி கேட்கிறது. ஆனால் பியானோமுன் உட்கார்ந்ததும் மனிதர் வேறு.

அந்தக் குரல் நமக்குக் கிடைத்ததற்குக் காரணம் மைசூர் மகாராஜா. ஜெயசாமராஜேந்திர உடையார் கொடுத்த பணத்தில்தான் 1940களின் பிற்பகுதியில் லண்டனில் மெட்னர் சங்கம் ஏற்பட்டது. வயோதிகத்திலும் இருதய நோயிலும் இருந்த மெட்னர் தன் மூன்று கன்சர்ட்டோக்களையும் வேறு பலவற்றையும் தானே வாசித்துப் பதிவு செய்ய முடிந்தது. மூன்றாவது கன்சர்ட்டோவின் சமர்ப்பணம் மகாராஜாவின் பெயருக்கு. வீட்டில் வாசுதேவாச்சாரியாரிடம் கற்றுக் கீர்த்தனைகள் இயற்றியவர், 1964லிருந்து 1966வரை சென்னையில் கவர்னராக இருந்தவர். மெட்னர் பெயர் நம் சபாக்காரர்களில் யார் காதிலாவது அப்போது விழுந்திருக்குமா என்பது சந்தேகம்.

அந்தப் பதிவுகளில் மெட்னர் தன் மெலடிகளை ரசித்துக்கொண்டு நிற்பதே இல்லை. தாளம் முறுக்கிய கயிறு மாதிரி போகிறது. இரண்டு கைகளும் தர்க்கம் செய்கின்றன. ஒன்று சொல்லி முடிக்குமுன் மற்றது மறுக்கிறது. உணர்ச்சி இருக்கிறது, அதற்கு நம் சம்மதத்தை எதிர்பார்ப்பதில்லை. போர்ட்கியேவிச்சுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசமும் எனக்கு இதில்தான் பிடிபட்டது. போர்ட்கியேவிச் தன் ஞாபகத்தோடு சண்டை போடுவதில்லை, இரண்டாவது ஸொனாட்டா போன்ற சில இடங்கள் தவிர. மெட்னர் எப்போதும் போடுகிறார். ‘ரெமினிஸென்ஸா’ ஸொனாட்டாவின் பெயரே ஞாபகம்தான். எமில் கிலெல்ஸ் வாசிப்பில் அதன் ஆரம்ப ராகம் திரும்பி வரும்போது, ஞாபகம் வந்ததா, மறந்துபோனதா என்று தெரியாத ஒரு நிலை. இதை எழுதியவரைப் பழமைவாதி என்று சொல்லி எந்த அலமாரியில் வைப்பது?

மூன்றாவதாக ஒருவர். ஓடிப்போகாதவர். விக்டர் கொசென்கோ, 1896ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்து, வார்ஸாவில் வளர்ந்து, 1918ல் உக்ரைனில் ஷிட்டோமிருக்கு வந்தவர். 1938ல் கீவில் நாற்பத்தியோரு வயதில் இறந்தார். 1928-30ல், சோவியத் ஸ்தாபனம் இறுகிக்கொண்டிருந்த சமயத்தில், அவர் எழுதியது பதினோரு எட்யூடுகள்: கவோட், ஸராபாண்ட், பூரே, ஜீக் என்று இருநூறு வருஷத்துக்கு முந்திய அரண்மனை நடனங்களின் வடிவத்தில். வெளியே டிராக்டர், உள்ளே ஸராபாண்ட். தப்பித்தல் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். நதாலியா ஷ்கோடா வாசித்திருக்கும் பதிவில் அந்த வரிசையின் நீண்ட பாஸகாக்லியாவைக் கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வராது. அடியில் ஒரே வாக்கியம் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. மேலே இருப்பது அதன் பிடியிலிருந்து வெளியேற ஒவ்வொரு விதமாக முயன்று பார்க்கிறது. வடிவம் பழையது என்பதால் யாரும் சந்தேகப்படாமல் சொல்ல முடிந்திருக்கிறது.

இவர்களை ரஷ்யர் என்பதா, உக்ரைனியர் என்பதா என்ற கேள்வி 2022க்குப் பிறகு சங்கீதக் கேள்வியாக மட்டும் இல்லை. ஹார்கிவ்மேல் குண்டு விழுந்த பிறகு உக்ரைன் கலைஞர்கள் போர்ட்கியேவிச்சைத் தங்களவர் என்று வாசிப்பதில் நியாயமான வேகம் இருக்கிறது. அவரோ போலிஷ் ரத்தம், ரஷ்யப் படிப்பு, ஆஸ்திரியப் பிரஜை. தன் முதல் ஸிம்ஃபனிக்கு ‘என் தாய்நாட்டிலிருந்து’ என்று பெயர் வைத்தவர். ஹார்கிவ் பக்கத்துப் பண்ணை வீட்டை அவர் ஆயுள் முழுவதும் மறக்கவில்லை என்பது மட்டும் அவருடைய நினைவுக் குறிப்புகளில் தெளிவாக இருக்கிறது.

நண்பருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இவையெல்லாவற்றையும் மறுபடி போட்டுக் காட்டினேன். போர்ட்கியேவிச் இன்னும் சினிமாதான் என்றார், ஆனால் கூம்ப்ஸ் யார் என்று கேட்டார். மெட்னரில் தர்க்கம் அதிகம், மூச்சு விட இடமில்லை என்றார். ஒப்புக்கொள்ள மாட்டேன், ராத்திரி பதினோரு மணிவரை சண்டை. கொசென்கோ பதிவை எடுத்துக்கொண்டு போனவர் இன்னும் திருப்பித் தரவில்லை.